கடல் வணிகர் வேடமும் ஒரு மளிகைக் கடையின் துண்டுத்தாளும்

பண்டிகைக்குப் பத்து நாள் இருக்கும்போது நம் கடைத்தெருவில் அச்சாகும் நோட்டீஸ்களை ஒன்றாகச் சேர்த்து, கடைப் பெயரை மட்டும் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தால், எது யாருடையது என்று அடித்தவருக்கே தெரியாது. மேலே பிள்ளையார் சுழி. நடுவில் ஐம்பது அறுபது சரக்கின் பெயரும் எதிரே விலையும். நாலு மூலையிலும் நட்சத்திரம். கீழே "ஒருமுறை விஜயம் செய்யுங்கள்". மொத்த வியாபாரத்தோடு முன்புறம் சில்லறையும் வைத்திருப்பதால் நாமும் பல வருடம் இதையேதான் அடித்து வந்தோம். வாங்கிக்கொண்டு போனவர் அதைப் படித்தாரா என்று ஒருநாளும் கவனித்ததில்லை. ஒரு தீபாவளிக்கு முன்பு பேருந்து நிலையத்தில் ஒரு குடும்பத்தார் நம் நோட்டீஸை விரித்து அதன்மேல் இட்லிப் பொட்டலத்தை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைக் கண்டபோதுதான் அச்சுக்கூலி எங்கே போகிறது என்பது விளங்கிற்று.

இதைச் சிரித்து விட்டுவிடலாம்தான். ஆனால் விஷயம் அச்சுக்கூலியோடு நிற்பதில்லை. வெறும் விலைப்பட்டியலாக ஒரு நோட்டீஸ் அடிக்கும்போது, "என் விலையையும் அடுத்தவன் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்" என்று நாமே வாடிக்கையாளரை அழைக்கிறோம். பெரிய கடைகள் சில சரக்கை நம் கொள்முதல் விலைக்கும் கீழே போடுகிற காலம் இது. செல்போனில் தட்டினால் வீட்டு வாசலுக்குச் சரக்கு வந்து நிற்கிற காலமும் இதுவே. அந்த ஒப்பிடலில் நாம் தோற்பது நிச்சயம். தோற்கிற ஆட்டத்துக்குக் கைக்காசு போட்டு அழைப்பிதழ் அடிக்கிறோம் என்பதுதான் நிலைமை. நம்மிடம் சரக்கெடுத்து வந்த சில்லறைக் கடைகளில் கதவை இழுத்துச் சாத்தியவர்கள் உண்டு. கடைசி வருடம்வரை அவர்கள் விடாமல் அடித்தது இந்த மாதிரி விலை நோட்டீஸைத்தான்.

இதே இக்கட்டில் மாட்டிக்கொண்ட ஒரு மளிகைக்காரர், கடல் சாகசக் கதையின் வேடத்தைக் கடைக்கும் கடைத் தாளுக்கும் போட்டு மீண்டு வந்த வரலாறு ஒன்று அமெரிக்காவில் உண்டு. நம் தொழில்காரர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

அவர் பெயர் ஜோ கூலோம்ப். கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில், ரெக்சால் என்ற மருந்துக்கடை நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அந்த நிறுவனத்துக்காக 1958ல் 'பிராண்டோ மார்க்கெட்' என்ற சிறு கடைகளைத் தொடங்கினார். நிறுவனம் அவற்றை வேண்டாமென்று கைகழுவியபோது தாமே வாங்கிக்கொண்டார். பால், ரொட்டி, முட்டை, சில்லறைச் சாமான் விற்கிற தெருமுனைக் கடைகள்தான் அவை. 1960களின் நடுவில் 'செவன் இலெவன்' என்ற பெரிய சங்கிலிக் கடை அந்தப் பக்கம் வர ஆரம்பித்தது. அவர்கள் கையில் பணம் இருந்தது; ஒரே மாதிரியான சரக்கு இருந்தது; நல்ல முனைக் கடைகளை எந்த வாடகைக்கும் எடுப்பார்கள். அவர்களோடு அதே சரக்கில், அதே விலையில் மோதினால் நாலைந்து வருடம்கூடத் தாங்காது என்று கூலோம்ப் கணக்குப் போட்டார்.

அப்போது அவர் கண்ணில் பட்டவை இரண்டு செய்திகள். ஒன்று, கல்லூரிக்குத் தகுதி பெற்றவர்களில் 60 சதவீதம் பேர் படிக்கப் போகிறார்கள் என்று ஓர் அறிவியல் பத்திரிகையில் வந்த விவரம். இன்னொன்று, போயிங் 747 என்ற பெரிய விமானம் வரப்போகிறது, வெளிநாட்டுப் பயணச் செலவு குறையும் என்பது. (அந்த விமானம் பயணிகளோடு பறந்தது 1970ல்.) இரண்டையும் சேர்த்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். நிறையப் படித்த, சம்பளம் குறைந்த ஒரு கூட்டம் உருவாகிறது. ஆசிரியர், இசைக் கலைஞர், பத்திரிகைக்காரர் போன்றவர்கள். நாலு ஊர் பார்த்தவர்கள். புதுச் சரக்கைத் தின்று பார்க்க ஆசையுண்டு, பையில் பணம் அதிகம் கிடையாது. இவர்களுக்கான கடை ஊரில் இல்லை.

1967ல் பாசடீனா நகரில் அவர் திறந்த கடைக்கு 'டிரேடர் ஜோஸ்' என்று பெயர் வைத்தார். 'வியாபாரி ஜோவின் கடை' என்று பொருள். தென்கடல் தீவுகளைப் பற்றிய ஒரு பழைய பயண நூலும், டிஸ்னிலாந்து கேளிக்கைப் பூங்காவில் பொம்மைக் காட்டுக்குள் படகில் போய்வரும் சவாரியும் அவர் மனத்தில் இருந்தன. கடைக்குள் மீன்வலையைத் தொங்கவிட்டார், கப்பல் சாமான்களை மாட்டினார். கடை மேலாளருக்குக் 'கேப்டன்' என்று பட்டம். மற்ற ஊழியர்கள் கப்பல் சிப்பந்திகள். உடுப்பு பூப்போட்ட தீவுச் சட்டை. ஒலிபெருக்கிக்குப் பதில் கப்பல் மணியடிக்கும் பழக்கமும் அந்தக் கடைகளில் ஏற்பட்டது. ஒரு மணி அடித்தால் இன்னொரு கல்லாவைத் திற என்று அர்த்தம். இதையெல்லாம் செய்தவர் மாலுமி இல்லை. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்தவர். வேடம்தான். வேடம் என்பது வருகிறவருக்கும் தெரியும்.

நம் கட்டுரைக்கு முக்கியமானது அவர் வெளியிட்ட தாள். 1970 வாக்கில் திராட்சை மதுவைப் பற்றிய விவரத் தாளாக அது தொடங்கியது. அக்காலத்தில் கலிபோர்னியாவில் மதுவகைகளைக் குறிப்பிட்ட விலைக்குக் கீழே விற்கக் கூடாதென்ற சட்டம் இருந்ததால் விலையைச் சொல்லி ஆள் பிடிக்க முடியாது. விவரம் சொல்லித்தான் பிடிக்க வேண்டும். (நம் சங்கத்தாரில் யாரும் அந்தச் சரக்கில் கை வைப்பவர் இல்லை, விளம்பர வித்தையை மட்டும் எடுத்துக்கொள்வோம்.) பிறகு மளிகைச் சரக்குக்கும் அது விரிந்தது. 1985ல் 'ஃபியர்லெஸ் ஃப்ளையர்' என்று பெயர் மாறிற்று. அஞ்சாத துண்டுத்தாள் என்று சொல்லலாம். பெயரே ஒரு சாகசக் கதாநாயகனின் பெயர் மாதிரி இருக்கிறது.

அந்தத் தாளின் அமைப்பைப் பார்க்க வேண்டும். செய்தித்தாள் அச்சாகிற சாதாரணக் காகிதம். சரக்கின் புகைப்படம் கிடையாது. நூறு வருடத்துக்கு முந்தைய புத்தகங்களில் வந்த கோட்டோவியங்கள்: தொப்பி போட்ட துரைமார்கள், பாவாடை விரிந்த சீமாட்டிகள், படகுகள், விலங்குகள். அந்தப் படத்துக்கும் சரக்குக்கும் சம்பந்தமே இல்லாமல் ஒரு வேடிக்கைப் பேச்சு. பழைய படங்களை அவர் எடுத்ததற்குக் காரணம் ரசனை மட்டுமன்று. அவற்றுக்குப் பதிப்புரிமைக் காலம் தீர்ந்துவிட்டது, யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. மளிகைக்காரர் புத்தி என்பது இதுதான்.

படம் கண்ணை நிறுத்தும். அதற்குப் பிறகு வேலை செய்வது எழுத்து. ஒரு சரக்குக்கு ஒரு பத்தி, சில சமயம் அரைப்பக்கம். இந்தப் பாலாடைக்கட்டி எந்த ஊரில் செய்யப்படுகிறது, ஏன் இவ்வளவு மலிவாகக் கிடைத்தது, எத்தனை நாள் இருக்கும், தீர்ந்தால் மறுபடி வருமா என்று ஒரே குரலில், ஓர் ஆள் எதிரே உட்கார்ந்து பேசுவது போல் போகும். விலை கொட்டை எழுத்தில் தனியாக நிற்காது. கதை முடிகிற இடத்தில் வாக்கியத்தோடு வாக்கியமாக வரும். அங்கே வந்து சேரும்போது படித்தவர் ஏற்கெனவே பாதி வாங்கிவிட்டார்.

சாகச வேடம் பக்கத்துக்கு என்ன செய்தது என்பதை நாம் யோசித்துப் பார்த்தோம். முதலாவது, பேசுகிற ஆள் கிடைத்துவிட்டான். நம் நோட்டீஸில் பேசுவது யார்? யாருமில்லை. அங்கே ஊர் ஊராகச் சுற்றி வந்த ஒரு வியாபாரி பேசுகிறான். அவன் சரக்கை 'ஸ்டாக்' எடுத்ததாகச் சொல்வதில்லை, கண்டுபிடித்ததாகச் சொல்கிறான். அடுத்தது, குறைவாகக் கிடைப்பது ஒரு குற்றமாகத் தெரியாது. நம் கடையில் ஒரு சரக்கு தீர்ந்துபோனால் "இதுகூட இல்லையா" என்று முகம் சுளிப்பார்கள். கப்பலில் வந்தது இவ்வளவுதான், அடுத்த கப்பல் எப்போதோ என்றால் இருப்பதை இன்றே வாங்கிக்கொள்வோம் என்று தோன்றும். அவருடைய கடைகளில் பொதுவான சூப்பர் மார்க்கெட்டில் இருக்கும் வகைகளில் ஒரு சிறு பங்குதான் இருந்தது. அந்தக் குறை வேடத்துக்குள் மறைந்துபோயிற்று.

முட்டை விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். கப்பல் வேடம் போடுவதற்கு முன்பே நடந்தது. ஆனால் பிற்பாடு வந்த தாளுக்கு விதை அதில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் முட்டையை எடைப்படி தரம் பிரிக்கிறார்கள். 'பெரியது' என்ற தரத்தில் ஒரு டஜன் குறைந்தது 24 அவுன்ஸ், அதாவது சுமார் 680 கிராம். 'மிகப் பெரியது' 27 அவுன்ஸ், சுமார் 765 கிராம். ஒரு முட்டை வியாபாரி மிகப் பெரிய முட்டைகள் தம்மிடம் தேங்கிக் கிடப்பதாகச் சொல்லி வந்தார். பெரிய சங்கிலிக் கடைகள் அதை விளம்பரம் செய்து விற்க மாட்டா. காரணம், எல்லாக் கிளைக்கும் எல்லா நாளும் கொடுக்கிற அளவுக்கு அந்த முட்டை வராது. கூலோம்ப் வாங்கி, 'பெரியது' விலைக்கே 'மிகப் பெரியதை' விற்றார். டஜனுக்கு எட்டில் ஒரு பங்கு எடை கூட. பெரியவர்களால் தொட முடியாத சிறு லாட் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் சிறு வியாபாரிக்கு இடமிருக்கிறது என்று அவர் அதில் கற்றுக்கொண்டார். மண்டியில் உட்கார்ந்திருக்கும் நமக்கு இது புதிதில்லை. உடைந்த முந்திரி, சிறு பருவெட்டு ஏலக்காய், ஒரே ஒரு விவசாயியின் பத்து மூட்டைப் பனங்கருப்பட்டி என்று தினமும் கையில் வந்து போகிறது. அதைச் சொல்லி விற்கிற பக்கம்தான் நம்மிடம் இல்லை.

சாகசக் கதைக்கும் பக்க அமைப்புக்கும் உள்ள உறவு நம் ஊருக்கும் தெரியாததன்று. 1947ல் நாகிரெட்டியும் சக்கரபாணியும் சென்னையிலிருந்து அம்புலிமாமாவைக் கொண்டுவந்தபோது பக்கத்துக்குப் பக்கம் படம் வைத்தார்கள். வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு விக்கிரமாதித்தன் வாளோடு நடக்கிற படத்தைப் பார்த்துவிட்டுக் கதையைப் படிக்காமல் பக்கத்தைப் புரட்டிய பிள்ளை யார்? நாம் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியதே அப்படித்தான்.

இந்த வேடத்தில் ஒரு கேடும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. தென்கடல் கதைகளெல்லாம் வெள்ளைக்காரன் கப்பலில் நின்று பார்த்து எழுதியவை. அதில் தீவுக்காரன் வேடிக்கைப் பொருள். டிரேடர் ஜோஸ் கடைகளில் சீன வகைச் சரக்குக்கு 'டிரேடர் மிங்ஸ்', மெக்சிகோ வகைக்கு 'டிரேடர் ஹோசே' என்று வியாபாரி பெயரையே மாற்றிப் போடுகிற வழக்கம் இருந்தது. 2020ல் இது பிற இனத்தாரைக் கேலிப்பொருளாக்குகிறது என்று எதிர்ப்பு மனு கிளம்பியது. நிறுவனம் முதலில் மாற்றுவதாகச் சொன்னது. பிறகு மனுவுக்காகப் பெயர்களை மாற்றுவதில்லை என்று அறிவித்தது. எதிர்த்தவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. 1498ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியதை அவர்கள் புத்தகங்கள் சாகசமாக எழுதும். அன்றைக்குக் கரையில் மிளகு வைத்துக்கொண்டு நின்ற வியாபாரியின் பக்கத்திலிருந்து பார்த்தால் கதை வேறு. அந்த வியாபாரியின் வரிசையில் வந்தவர்கள் நாம்.

இரண்டாவது கேடு நம் சொந்தத் தலையில் விழுந்தது. இந்தத் துண்டுத்தாள் விவரத்தைக் கேள்விப்பட்டு, நாமும் கதை எழுதுவோம் என்று ஒரு பொங்கலுக்குக் கிளம்பினோம். ஒட்டகம் மூன்று வரிசையாகப் போகிற படம் போட்டு, "காபூலிலிருந்து நேரே நம் கடைக்கு" என்று பெருங்காயத்துக்குத் தலைப்பு வைத்தோம். எழுதும்போது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் ஓர் ஆசிரியர், நம்மிடம் பல வருடமாகச் சாமான் வாங்குகிறவர், நோட்டீஸை ஒரு கையிலும் டப்பாவை மறு கையிலும் பிடித்துக்கொண்டு வந்தார். டப்பாவின் பின்னால் கோதுமை மாவு, கருவேலம் பிசின், பெருங்காயம் என்று அச்சாகியிருந்தது. "இதிலே காபூல் எது அண்ணாச்சி?" என்று கேட்டார். கல்லாவைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நாம் வாங்குவது கூட்டுப் பெருங்காயம். காபூலை நாம் கண்டதில்லை. அன்றைக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அவர் கோபித்துக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்துவிட்டு, டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு, மற்றச் சாமானை வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு நம் கடையின் நெய்யையும் அவர் ஒருமுறை முகர்ந்து பார்த்துத்தான் வாங்கினார்.

கூலோம்பிடமிருந்து நாம் தப்பாக எடுத்துக்கொண்டது எது என்று அப்போது புரிந்தது. அவர் வேடம் போட்டது சட்டகத்துக்கு மட்டும். கேப்டன், மணி, மீன்வலை, பழைய படம் எல்லாம் விளையாட்டு என்று ஊருக்கே தெரியும். பத்திக்குள் போனால் சரக்கைப் பற்றி இருப்பது விவரம். நாம் தலைகீழாகச் செய்தோம். படமும் தலைப்பும் விளையாட்டாக இல்லாமல் சத்தியம் செய்வதுபோல் இருந்தன. உள்ளே விவரம் ஒன்றுமில்லை.

இத்தனைக்கும் நம் சரக்குகளுக்குக் கற்பனையே தேவையில்லை. ஜாதிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் உலகத்துக்கே அது இந்தோனேசியாவின் பாண்டா தீவுகளிலிருந்துதான் வந்தது. அவற்றில் ரன் என்ற சின்னஞ்சிறு தீவின்மீது ஆங்கிலேயர் கொண்டாடிய உரிமை 1667ல் பிரெடா உடன்படிக்கையோடு டச்சுக்காரர்களிடம் போனது. டச்சுக்காரர்கள் இழந்திருந்த மன்ஹாட்டன், அதாவது இன்றைய நியூயார்க்கின் நடுப்பகுதி, ஆங்கிலேயரிடமே நின்றது. அஞ்சறைப் பெட்டியில் கிடக்கிற காய்க்கு இப்படியொரு வரலாறு. குண்டு மிளகாய் ராமநாதபுரத்து வறண்ட கரிசலில் விளைவது. 2023ல் புவிசார் குறியீடு பெற்றது. ஈரோட்டு மஞ்சளுக்கும் கலபுரகித் துவரைக்கும் 2019லேயே கிடைத்துவிட்டது. ஏலக்காய் போடிநாயக்கனூர் ஏலத்தில் எப்படி விலை போகிறது என்று நம்மில் பாதிப்பேர் நேரில் பார்த்திருக்கிறோம். வாடிக்கையாளர் பார்த்ததில்லை. நமக்குச் சலித்துப்போனது அவர்களுக்குச் செய்தி.

கூலோம்ப் தம் நிறுவனத்தை 1979ல் ஜெர்மனியின் ஆல்டி நிறுவனத்தைச் சேர்ந்த தியோ ஆல்பிரெக்ட் குடும்பத்துக்கு விற்றார். 1988ல் பொறுப்பிலிருந்து விலகினார். 2020 பிப்ரவரியில், 89 வயதில் காலமானார். கடைகள் 500க்கு மேல் பெருகின. அவர் போன பிறகும் தாள் நிற்கவில்லை.

நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஏ4 தாளின் ஒரு பக்கம் போதும். அறுபது சரக்கு வேண்டாம், ஆறு அல்லது எட்டு. ஒரே ஆள் எழுதட்டும். கல்லாவில் உட்காருகிறவர் எழுதினால் நல்லது, அச்சகத்துக்காரரிடம் "எதையாவது போடுங்கள்" என்று விட்டால் நட்சத்திரம்தான் வரும். எழுத்தைச் சிறுக்க வேண்டாம். வயதானவர்கள்தான் உட்கார்ந்து படிப்பவர்கள். படத்துக்கு வீட்டிலே கோலம் போடுகிற பெண்பிள்ளைகளைக் கேட்டால் போதும், கோட்டோவியமாகப் போட்டுத் தருவார்கள். இணையத்தில் கிடைக்கிற படத்தை யாருடையது என்று பாராமல் எடுத்துப் போட்டுவிட்டுப் பின்னால் நோட்டீஸ் வாங்குவது வேறு மாதிரி நோட்டீஸாக இருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களும் அன்றாட விலையைத் தனியாக அனுப்பிவிட்டு, இந்தப் பக்கத்தை மாதம் ஒருமுறை அனுப்பலாம். விலை தினமும் மாறும். சரக்கின் கதை மாறாது.

அந்த ஆசிரியருக்கு நாம் பதில் சொல்லக் கடன்பட்டிருக்கிறோம். அடுத்த நோட்டீஸுக்காக எழுதி வைத்திருக்கும் பத்தி இது. ஒட்டகத்தை எடுக்கவில்லை, ஒன்றாகக் குறைத்திருக்கிறோம்.

"இந்த ஒட்டகம் நம் கடைக்கு வரவில்லை. பெருங்காயம் ஒரு செடியின் வேரைக் கீறினால் வடியும் பால், காய்ந்து பிசினாகிறது. ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தான் நாடுகளின் வறண்ட மலைச்சரிவுகளில் விளைவது. செடி பலன் தர ஐந்து வருடம்போல் ஆகும். நம் நாட்டில் 2020 அக்டோபரில்தான் இமாசலப் பிரதேசத்து லாஹௌல் பள்ளத்தாக்கில் முதல் நாற்றை நட்டார்கள். சுத்தப் பெருங்காயம் நாக்கில் வைக்க முடியாத காரம். அதனால் மாவும் பிசினும் சேர்த்துக் கூட்டுப் பெருங்காயமாகச் செய்கிறார்கள். நாம் விற்பது அதுதான். மாவு எவ்வளவு, சரக்கு எவ்வளவு என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். நம்மிடம் இரண்டு வகை இருக்கிறது. டப்பாவைத் திறந்து வைத்திருக்கிறோம். இரண்டையும் முகர்ந்து பார்த்துவிட்டு விலையைக் கேளுங்கள்."